பெரியத்தை, அந்தச் சிவப்பு மூடி பாட்டில் இனி வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய பெரியத்தை அவர்களுக்கு,

தொங்யோங்கிலிருந்து தங்கள் தம்பி மகன் முயோல் நெற்றி தரையில் படக் குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நம் கொரியத் தெற்குக் கடலில் குளிர் முறிந்துவிட்டது. சிப்பிப் பருவம் முடியப்போகிறது. பட்டறை வாசலில் செர்ரிப் பூ உதிர்ந்து அப்பாவின் கிரீஸ் டப்பாவை நிரப்பிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் தாங்களும், கண் ஆபரேஷன் முடிந்த மாமாவும், தங்கள் சலவைக் கடையும், அதில் அடிக்கடி மக்கர் பண்ணும் அந்தப் பெரிய இயந்திரமும் சகல நலத்தோடு இருக்க வேண்டும் என்று மலையையும் கடலையும் சாட்சி வைத்து வேண்டிக்கொள்கிறேன். மரியாதை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன். அத்தை, கும்பிட்டுக் கேட்கிறேன், அந்தச் சிவப்பு மூடி பாட்டிலை இனிமேல் அனுப்பாதீங்க.

கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நீங்கள் அழுதால் அப்பா போனைப் பிடுங்கி "ஒண்ணுமில்லக்கா, இவன் கிறுக்கன்" என்பார், அதோடு விஷயம் ஊத்தி மூடப்படும். கடிதத்தை நடுவானில் பிடுங்க முடியாது. இன்னொன்று, இலையுதிர் காலத்தில் நீங்கள் வீடியோவில் பேசியபோதெல்லாம் அப்பா முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினாரே, கேமராவில் கோளாறு என்று நானும் சொன்னேனே, கேமரா நன்றாகத்தான் இருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. உட்காருங்கள் அத்தை, பயப்படாதீர்கள், எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இதை எழுதும்போது அவர் வெளியே நின்று ஒரு படகு எஞ்சினின் அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அந்த அளவுக்குத் தெளிவாக இருக்கிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். நான் சத்தியம் செய்யும்போது இருமிவிட்டேன், அதனால் என்னுடையது செல்லாது.

உங்கள் பெட்டி வருவது இங்கே என்ன கோலாகலம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு அறுவடைப் பண்டிகைக்கும் சந்திரப் புத்தாண்டுக்கும் அப்பா கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். காபித் தூள், டப்பா இறைச்சி, கைக்குப் பூசுகிற கிரீம், எல்லாவற்றுக்கும் நடுவில் மந்திரிகள் சூழ்ந்த ராஜா மாதிரி அந்த வலி மாத்திரை பாட்டில். எங்கள் ஊர் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையில் வரும். உங்கள் ஊரில் என்னவென்றால் ஊறுகாய் ஜாடி அளவில் வருகிறது. உடனே அப்பா பழைய நாள்காட்டியைக் கிழித்துப் பொட்டலம் கட்டி, எதிர்ச் சாரியில் சூப்புக் கடை வைத்திருக்கும் ஓக்புன் சித்திக்கு ஒன்று, முடிவெட்டும் தல்சு மாமாவுக்கு ஒன்று, ஐஸ்கட்டிக்காரருக்கு ஒன்று என்று சந்து முழுக்கக் கொடுத்துவிடுவார். மிச்சம் அவருக்கு. முட்டி வலித்தால் ஒன்று, தோள் வலித்தால் ஒன்று, முதல் நாள் சோஜு சாராயம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஒன்று, கொரியா கால்பந்தில் தோற்றால் இரண்டு. நான் ஒரு தடவை போனை வைத்து அந்த ஆங்கில லேபிளைப் படித்துக் காட்டினேன். "அப்பா, இது வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரையாம். தொடர்ந்து சாப்பிட்டா மாரடைப்பு வரலாம், பக்கவாதம் வரலாம்னு போட்டிருக்கு." அப்பா கேட்டாரா? "அமெரிக்காக்காரன் காபி டம்ளர்லயே 'சூடா இருக்கும், ஜாக்கிரதை'ன்னு எழுதறவன்டா. அவனுக்கு எல்லாத்துக்கும் பயம். உங்க அத்தை எனக்கு விஷமா அனுப்புவா?"

இதுதான் அத்தை, இங்கேதான் எல்லாம் கோணலாகிப் போனது. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, அவருடைய அக்கா.

அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம், காலைச் சாப்பாடு. அப்பா சூப்புக் கரண்டியைத் தூக்கப் போனார், கரண்டி வரவில்லை. "என்னடா இது, கரண்டி கனக்குது" என்றார். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "நேத்து உள்ள போனது இன்னும் எறங்கல, அதான் கனக்குது" என்றார். அப்பா சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. நான் ஆம்புலன்ஸுக்கு 119-இல் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் அலறல் கேட்டு ஓக்புன் சித்தி தையல் ஊசியோடு ஓடிவந்து, "அண்ணே, நகராதீங்க! விரல் நுனியில குத்திக் கறுப்பு ரத்தம் ரெண்டு சொட்டு எடுத்துட்டா சரியாயிடும்!" என்கிறார். தல்சு மாமா பாதி முடிவெட்டிய ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, தங்கத்தாள் சுற்றிய மூலிகை உருண்டையை நீட்டி, "மென்னு முழுங்கு பில்சங், மென்னு முழுங்கு!" என்கிறார். அப்பா என்ன செய்கிறார் என்றால், குழறுகிற நாக்கோடு அலமாரியைக் காட்டி, "அக்கா... அக்கா பாட்டில்..." போனில் இருந்த பெண், "வாயில எதையும் போடாதீங்க, தண்ணிகூட வேண்டாம்" என்று கத்தினாள். என்னால் வேறென்ன முடியும்? ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் என் கையைக் கடித்தார். இரண்டு பக்கப் பல்லும் பதிந்திருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார். அடைப்பைக் கரைத்துவிட்டார்கள். பேச்சு திரும்பி வந்தது, வலது கையும் காலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டாக்டரம்மா சின்னப் பெண், என் அக்கா செரின் வயதுதான் இருக்கும், ஆனால் பார்வை மட்டும் போலீஸ் பார்வை.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க ஐயா?"

"ஒண்ணுமில்லீங்க. ரத்த அழுத்தத்துக்கு ஒண்ணு, அதுவும் ஞாபகம் வந்தா."

அம்மா குறுக்கே புகுந்தார். "அமெரிக்காவுலேர்ந்து வர்றதைச் சொல்லுங்க."

"அது மாத்திரை இல்லடி, அக்கா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அக்காவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாப்பிடுவீங்க?"

அப்பா சொன்ன கணக்கைக் கேட்டு அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இது ஒண்ணாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு உப்பு இருக்கு, சோஜு இருக்கு, சிகரெட் இருக்கு, பெரிய கூட்டணியே இருக்கு. ஆனா இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏத்தும், பக்கவாதம் வர்ற வாய்ப்பையும் கூட்டும். இப்ப ரத்தம் கட்டிக்காம இருக்க நான் ஒண்ணு தரப்போறேன், இது உள்ள போனா அதோட வேலையைக் கெடுத்துடும். ரெண்டும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும். அதனால இனி ஒண்ணுகூட ஆகாது."

"வலி போகுதே டாக்டரம்மா?"

"வலி போச்சு. கையும் சேர்ந்துல்ல போச்சு?"

அப்பா தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் கேட்டது முட்டியைப் பற்றி இல்லை அத்தை. "வசந்தத்துல பொண்ணுக்குக் கல்யாணம். கையைப் புடிச்சு மேடை வரைக்கும் நான்தான் கூட்டிட்டுப் போகணும். நடப்பேனா?"

"தினம் நடந்தா நடப்பீங்க. முட்டி வலிச்சா இந்த வெள்ளை மாத்திரை, நான் சொல்ற அளவுதான். மறுபடி இன்னொண்ணு வந்துச்சுன்னா, எனக்குத் தெரியாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான், அப்பா செரின் அக்காவை நடத்திக் கூட்டிப்போவாரா, இல்லை அக்கா அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாளா.

வீட்டுக்கு வந்தோம். சந்தே திரண்டு வந்தது. ஆளுக்கொரு சட்டியில் கஞ்சி. சட்டியோடு கூட, எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது அத்தை, அப்பா கட்டிக் கொடுத்த அதே நாள்காட்டிப் பொட்டலங்கள்! நம் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. "நீங்க நல்லா இருந்தப்ப எங்களுக்குக் குடுத்தீங்க. இப்ப உங்களுக்குத்தான் வேணும்" என்று ஓக்புன் சித்தி கண்ணீரோடு நீட்டுகிறார். ஐஸ்கட்டிக்காரர் தன் பங்கோடு மனைவியின் பங்கையும் சேர்த்துக் கொண்டுவந்தார். வாசல் கதவைச் சாத்தும்போது, நீங்கள் அனுப்பிய மொத்தச் சரக்கும் வீடு வந்து சேர்ந்திருந்தது. அப்பா படுக்கையில் இருந்து அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அம்மாவைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதான் சும்மா இருக்கே. கடல் காலேஜை பாதியில விட்டாச்சு, காபிக் கடையை விட்டாச்சு, சிப்பிப் படகை விட்டாச்சு. இவரையாவது விடாம பாத்துக்க."

இப்படித்தான் நான் காவலுக்கு வந்தேன். எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டேன். தூக்கிப் போட மனசு வரவில்லை, நீங்கள் சலவைக் கடையில் நின்று நின்று கால் வீங்கி அனுப்பியது. பழுதான சோற்று குக்கருக்குள் கொட்டி மாடி அறையில் ஒளித்து வைத்தேன். ஆனால் அப்பா யார்? பட்டறைச் சாமான் பெட்டியின் அடித்தட்டில் ஏற்கெனவே பாதி பாட்டில் பதுக்கி வைத்திருந்தார். அதைப் பிடுங்கினால் வேறு இடத்தில் வாங்கிப் பதுக்குவார். எனவே பிடுங்கவில்லை, உள்ளே இருப்பதை மாற்றினேன். மாத்திரை பழுப்பு, உருண்டை, மேலே சர்க்கரைப் பூச்சு. கடையில் விற்கும் கலர் கலரான சாக்லேட் பொட்டு மிட்டாயிலும் பழுப்பு உண்டு, ஆனால் ஒரு பாக்கெட்டைக் கொட்டினால் ஏழெட்டுதான் தேறும். பழுப்பைப் பொறுக்கி பாட்டிலில் போட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் என் வயிற்றில் போட்டேன். அப்பா கமுக்கமாகப் பட்டறைக்குள் போவார், தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும், திரும்பி வந்து அம்மாவிடம், "முட்டி இன்னைக்கு லேசா இருக்கு" என்பார். நான் சுவரைப் பார்த்து நின்று சிரிப்பேன். காலேஜில் எனக்கு மூளை இல்லை என்று சொன்ன வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

ஆபத்து வெளியே இருந்து வந்தது. ஒரு நாள் முடிவெட்டக் கூட்டிப்போனேன். தல்சு மாமா அப்பாவைவிட மூத்தவர், பெரியவர். முடிவெட்டி, கழுத்தைத் துடைத்து, பார்லித் தேநீர் ஊற்றி, எங்கேயோ மிச்சம் வைத்திருந்த ஒரு மாத்திரையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். "டாக்டருங்க என்னத்தைக் கண்டாங்க. அண்ணன் கையால குடுக்கறேன், வாங்கிக்க பில்சங்." பெரியவர் இரண்டு கையால் கொடுத்தால் சின்னவர் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அப்பாவின் இரண்டு கையும் தானாக எழுந்துவிட்டன, வலது கை மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. நான் நடுவில் பாய்ந்தேன். "கறுப்பு வீரன்!" என்று கத்திவிட்டேன்.

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அத்தை, நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு வந்த வழக்கம் இது. குடிக்கிற இடத்தில் ஒருத்தரால் கிண்ணத்தைக் காலி பண்ண முடியாவிட்டால், இன்னொருத்தர் 'கறுப்பு வீரன்' என்று குதித்து அவருக்காகக் குடிக்கலாம். யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் காப்பாற்றப்பட்டவர் வீரன் கேட்கிற ஒரு ஆசையை நிறைவேற்றியே தீர வேண்டும்.

"டேய், அது சாராயத்துக்குடா!" என்றார் தல்சு மாமா.

"கிண்ணம் கிண்ணம்தான் மாமா" என்று பிடுங்கி விழுங்கிவிட்டேன். வெறும் வயிறு. சாயங்காலம் வரை உள்ளே யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

"சரி, ஆசையைச் சொல்லு" என்றார் அப்பா, வேண்டாவெறுப்பாக.

"துறைமுகத்து அலைதாங்கிச் சுவர் முனை வரைக்கும் நடக்கணும். கலங்கரை விளக்கத்தைத் தொட்டுட்டு வரணும்."

"எந்தக் கலங்கரை விளக்கம்? அங்க ரெண்டு இருக்கு."

"சிவப்பு."

"வெள்ளை கிட்டக்க இருக்கேடா!"

"வீரன் சிவப்பு கேக்கறான்."

நடந்தார். பாதி வழியில் உட்கார்ந்து என் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினார், மீன்பிடிப்பவர்களின் வாளியை எட்டிப் பார்த்து "இதெல்லாம் ஒரு மீனா" என்று வம்பு வளர்த்தார், ஆனால் தொட்டுவிட்டு வந்தார். மறுநாள் செய்தி சந்து முழுக்கப் பரவி, என்னை விழுங்கவைத்து வேடிக்கை பார்க்க ஐஸ்கட்டிக்காரர் ஒரு மாத்திரையோடு வந்தார். என் வயிறு என்ன இரும்பா? சட்டத்தைத் திருத்தினேன். இனிமேல் யார் அப்பாவுக்கு மாத்திரை நீட்டுகிறார்களோ அவர்களும் கூடவே சிவப்புக் கலங்கரை விளக்கம் வரை நடக்க வேண்டும். ஐஸ்கட்டிக்காரர் மாட்டினார். அடுத்து ஓக்புன் சித்தி, வெயில் தொப்பியும் பூப்போட்ட கால்சட்டையுமாக. "வயசான காலத்துல என்னை எதுக்குடா இழுக்கறே" என்று வழியெல்லாம் திட்டிவிட்டு, நான் கூப்பிடாமலே மறுநாள் வாசலில் வந்து நின்றார், வீட்டில் இருப்பதைவிட அங்கே வம்பு அதிகம் கிடைக்கிறதாம். குளிர்காலம் முடிவதற்குள் சந்தே ஊர்வலமாக நடந்தது. அப்பாவின் கால் முன்னால், எங்கள் வாய் பின்னால். நடந்து நடந்து அவர்கள் முட்டி வலியும் குறைந்துவிட்டதால், புத்தாண்டுக்கு நீங்கள் அனுப்பிய புது பாட்டிலைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. அதையும் குக்கரில் கொட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வீடியோ பார்த்துவிட்டு, "தம்பி ஏன் இப்படி ஓடறான், யாராவது துரத்தறாங்களா?" என்று கேட்டிருந்தீர்களே, அதற்குத்தான் இவ்வளவு பதிலும். கைத்தடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாகச் சந்தில் ஒத்திகை, ஓக்புன் சித்தி தலையில் மேஜைத் துணியைப் போட்டுக்கொண்டு மணப்பெண்ணாக. மெதுவாக, மெதுவாக என்று நாங்கள் பழக்கியதெல்லாம் பியானோ சத்தம் கேட்டதும் காற்றில் போய்விட்டது. மண்டபக் கதவு திறந்தது, அப்பா கிளம்பினார். செரின் அக்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பாட்டு பாதியில் இருக்கும்போதே மேடைக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அப்போதுதான் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தான், ஒரு கைதான் மாட்டியிருந்தான். அக்காவின் கையை அவனிடம் கொடுக்க வேண்டியவர், வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்கிற மாதிரி, "இன்னொரு சுத்து போயிட்டு வரட்டுமா மாப்ள?" என்று கேட்டார். மண்டபமே கை தட்டியது. அம்மா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, புகைப்படத்தில் இரண்டும் இருக்கிறது. நான் அழவில்லை. எனக்குக் கண்ணில் பூத்தூள் போய்விட்டது, காகிதப் பூ என்றாலும்.

ஆக அத்தை, ஒரு காரியத்தை நான் முழுசாக முடித்துவிட்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவை. தங்கள் தம்பியை, அவருக்கே தெரியாமல், ஒரு மாத்திரைகூட உள்ளே போகவிடாமல் காவல் காத்து, நடக்கவைத்து, கல்யாண மண்டபத்தில் ஓடவும் வைத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியாது, அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அதனால் உங்களிடம் பீற்றிக்கொள்கிறேன். நீங்கள் கால் வீங்க நின்றது போதும், பெட்டி அனுப்புவதையே நிறுத்திவிடுங்கள். உங்களுக்கே கால் வலிக்கு அந்தப் பாட்டிலைத் திறக்கிற பழக்கம் இருந்தால், முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நமக்கெல்லாம் ஒரே ரத்தம்.

மாமாவின் புதுக் கண்ணுக்கு என் வணக்கம். உங்கள் இஸ்திரிப் பெட்டி சூடாகவும், உங்கள் பாதம் குளிர்ச்சியாகவும், உங்கள் நாட்கள் நம் ஊர்க் கடல் போல நீளமாகவும் இருக்கட்டும்.

மறுபடியும் நெற்றி தரையில் பட,
தங்கள் முயோல்

பி.கு. இதை ஒட்டப் போகிற நேரத்தில் எனக்குப் பல்வலி வந்துவிட்டது. கன்னம் அப்பம் மாதிரி. ஆறு மாதமாகச் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் யார் தின்றது? தாங்க முடியாமல் மாடிக்குப் போய் குக்கரைத் திறந்து நிஜ மாத்திரை இரண்டை விழுங்கினேன். வலி அசையவில்லை. மூன்றாவதைக் கோபத்தில் கடித்தேன். சாக்லேட்.

குக்கர் முழுக்கச் சாக்லேட், அத்தை. எல்லாம் பழுப்பு.

திரும்பினால் அப்பா கதவில் சாய்ந்து நிற்கிறார். கையில் இந்தக் கடிதம். "நிஜமானதெல்லாம், புத்தாண்டுக்கு வந்ததும் சேர்த்து, நம்ம யூனம்மா மருந்துக்கடையில, வேண்டாத மருந்து போடற பெட்டியில கொட்டி மாசக்கணக்காச்சு. நீ என் பாட்டில்ல போட்ட மிட்டாயைத்தான் குக்கர்ல நெரப்பி வெச்சேன்" என்றார். "மொத நாள் பட்டறைல ஒண்ணை எடுத்து வாயில போட்டேன், இனிச்சுது. கடிச்சேன், இன்னும் இனிச்சுது. உங்க அத்தை மாத்திரை மேலதான் இனிக்கும். சரி, பய நிஜத்தை எங்கேயோ ஒளிச்சிருக்கான்னு எடுக்கறதுக்குத்தான் மாடிக்கு வந்தேன். தரையில நீ கலர் கலரா பிரிச்சு வெச்சிருந்தே. பழுப்பு ஒரு குவியல், மத்ததெல்லாம் ஒரு குவியல். அதைப் பாத்துட்டு எப்படிடா முழுங்கறது?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ ஒரு வேலையை முழுசா செஞ்சு நான் பாத்ததில்ல. நடுவுல கெடுப்பானேன்னு விட்டுட்டேன். ஆனா தல்சு அண்ணன் குடுத்ததை நான் துண்டுல துப்பியிருப்பேன். நீ எதுக்குடா முழுங்கின?"

ஆகையால் நான் மேலே பீற்றிக்கொண்ட எதையும் நம்ப வேண்டாம். பெட்டியையும் நிறுத்த வேண்டாமாம், அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்: "எங்க அக்கா எதை வேணா அனுப்பட்டும், விழுங்கற மாதிரி மட்டும் வேண்டாம்." இப்போது என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறார்:

"அந்தாளு என்ன மாத்திரை குடுத்தாலும் மொதல்ல எங்கிட்ட காட்டணும். உன்னை நம்ப முடியாது!"